காவிரியைப் பிடித்துக்கொண்டு திருச்சியைச் சுற்றலாம்

திருச்சிக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டை, திருவானைக்கா, ஸ்ரீரங்கம், கல்லணை என்று தனித்தனியாகப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இந்த நான்கையும் கோத்து வைத்திருப்பது காவிரி. ஆற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றினால்தான் ஊர் விளங்கும்.

முதலில் மலைக்கோட்டை. 83 மீட்டர் உயரப் பாறை. வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட வேண்டும். அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு உச்சிப் பிள்ளையாரிடம் விரைகிற அவசரத்தில், வழியிலிருக்கும் மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரையைப் பலர் தவறவிடுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடையப்பட்ட அந்தக் கோயிலில், கங்கையைச் சடையில் தாங்கும் சிவன் புடைப்புச் சிற்பமாக நிற்கிறார். இருபுறத் தூண்களிலும் சமஸ்கிருதக் கல்வெட்டு. ஆறுகள் மேல் ஆசை கொண்ட சிவன் காவிரியைக் கண்டால் அவளையும் விரும்பிவிடுவாரோ என்று மலைமகளுக்குப் பயமாம். அதனால் பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே வந்து தங்கி, காவிரி பல்லவனின் காதலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சோழநாட்டு ஆற்றைக் காஞ்சி அரசன் தனதாக்கிக்கொள்ளும் அரசியல், எவ்வளவு அழகான கற்பனையில் பொதிந்திருக்கிறது! திருச்சியில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால், இந்தக் குடைவரையையே பார்க்கலாம்.

உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் ஊரின் அமைப்பு புரியும். மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவே தீவாகக் கிடக்கிறது ஸ்ரீரங்கம்.

பாலம் தாண்டினால் திருவானைக்கா. பஞ்சபூதத் தலங்களில் இது நீருக்கு உரியது. ஜம்புகேசுவரர் கருவறையில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். ஆற்றுத் தீவில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் கசிவு இன்னும் நெருக்கமாகப் புரியும். உச்சிக்கால பூசையில் அர்ச்சகர் புடவை அணிந்து, அகிலாண்டேசுவரியாகவே வந்து சுவாமிக்குப் பூசை செய்வார். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்வது நல்லது.

ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர், ஏழு திருச்சுற்றுகள். வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் இருப்பதால், கோயிலுக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது. விஜயநகரக் காலத்தில் தொடங்கி அடிப்பகுதியோடு நின்றுபோன தெற்கு ராஜகோபுரத்தை, அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் முன்னின்று 1987-இல் முடித்து வைத்தார். 13 நிலைகள், 236 அடி. நூற்றாண்டுகள் கடந்து ஒரு வேலையைத் தொடர்ந்து முடித்த அந்தப் பிடிவாதத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

கடைசியாகக் கல்லணை. கிழக்கே, தீவு முடிகிற இடம். இங்கே காவிரியின் மட்டத்தைவிடக் கொள்ளிடம் தாழ்ந்தது. விட்டால் தண்ணீரெல்லாம் அதில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும், தஞ்சை வயல்கள் காயும். அதைத் தடுக்கத்தான் கரிகாலன் பெயரால் வழங்கும் இந்த அணை. ஆழம் காணாத மணலில் பெரிய கற்களைப் போட்டு, அவை புதையப் புதைய மேலே மேலே அடுக்கி, இடையில் களிமண் இட்டு எழுப்பினார்கள். இன்று தண்ணீர் இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது.

1830-களில் முக்கொம்பில் மேலணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், தளர்ந்த மணலில் அடித்தளம் போடும் வித்தையைப் பழைய அணைகட்டிகளிடமிருந்தே கற்றதாக எழுதியிருக்கிறார். பிறகு கோதாவரியின் குறுக்கே தௌலேசுவரத்தில் அணை கட்டியபோதும் அந்தப் பாடம்தான் அவருக்குக் கைகொடுத்தது.