மாற்றல் உத்தரவும் மனையின் அமைதியும்

முற்காலத்தில் அது பழுப்பு நிற உறையில் தபாலில் வந்தது. இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் வந்து நிற்கிறது. வரும் வழி மாறியதேயன்றி, அது வீட்டில் விளைவிக்கும் கலக்கம் மாறவில்லை. “இன்னார், இன்ன ஊருக்கு மாற்றப்பட்டிருக்கிறார், இத்தனை நாட்களுக்குள் பொறுப்பேற்க வேண்டும்” என்னும் இரண்டு வரிகள், ஐந்தாறு பேர் அடங்கிய ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வை அடியோடு பெயர்த்துவிடுகின்றன.

நெசவாளர்க்கும் உழவர்க்குமான நமது ஏட்டில் உத்தியோகஸ்தரின் மாற்றலைப்பற்றி எழுதுவது எதற்கு என்று அங்கத்தினர் சிலர் வினவலாம். எண்ணிப் பார்ப்போமாக. தறியிலும் ஏரிலும் உழைத்த பெற்றோர் படிக்கவைத்த பிள்ளைகள் இன்று ஆசிரியராகவும், வங்கி எழுத்தராகவும், இரயில்வே ஊழியராகவும், காவலராகவும் பணிபுரிகின்றனர். மாற்றல் அவர்களுக்கு வருகிறது. அதன் துயரம் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்கிறது. மேலும், நமது சங்கங்களிலும் இணையங்களிலும் ஊதியம் பெறும் பணியாளர்களுக்கு நாமே எசமானர்கள். ஆகவே இப்பொருள் இருவகையிலும் நம்முடையதே.

குழித்தறியைப் பெயர்த்துச் செல்ல இயலுமா?

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். கணவர் அரசுப் பணியாளர். மனைவி நெசவாளர் சங்கத்தின் அங்கத்தினர். வீட்டுக் குழித்தறியில் சேலை நெய்து, மாதந்தோறும் கூலி பெறுபவர். மாமியார் தார் சுற்றித் தருகிறார். மகள் எட்டாம் வகுப்பு. மகன் நான்காம் வகுப்பு. கணவருக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மாற்றல் வருகிறது.

கணவர் புதிய ஊரிலும் அதே பதவியில் அமர்வார். அதே ஊதியம் பெறுவார். மனைவியோ? குழித்தறி என்பது தரையில் தோண்டிய குழியோடு ஒன்றியது. கால்களைக் குழியில் இறக்கி மிதிகளை இயக்கும் அத்தறியை வாடகை வீட்டின் இரண்டாம் மாடியில் எவ்வாறு அமைப்பது? தறி ஒன்று மட்டும் இருந்தாலும் நெசவு நடந்துவிடாது. பாவு நீட்டக் கை கொடுக்கும் அண்டைவீட்டார் வேண்டும். நூல் தந்து துணியைப் பெற்றுக்கொள்ளும் சங்கம் வேண்டும். பெரும்பாலான சங்கங்களின் துணைவிதிகள் செயல் எல்லையை வரையறுத்திருக்கின்றன. எல்லையைக் கடந்தவுடன் அப்பெண் நெசவாளி அல்லள்; “உத்தியோகஸ்தர் மனைவி” மட்டுமே.

2019-20 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இத்தொழிலில் ஈடுபட்டுள்ள 35 லட்சத்திற்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். இதனை மனத்திற்கொண்டால், கணவரின் மாற்றலால் மனைவியின் தொழில் அறுந்துபோவது சிறு செய்தி அன்று என்பது விளங்கும். கூலியின் இழப்பைக் கணக்கில் எழுதலாம். “என் கையால் நெய்தது” என்னும் பெருமிதத்தின் இழப்பை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

சிறுவரும் முதியோரும்

குழந்தைகள் எளிதில் பழகிவிடுவர் என்று பெரியவர்கள் தமக்குத்தாமே ஆறுதல் கூறிக்கொள்வது வழக்கம். இது பாதி உண்மை. நான்காம் வகுப்புச் சிறுவன் ஒரு மாதத்தில் புதிய விளையாட்டுத் தோழரைத் தேடிக்கொள்ளக்கூடும். எட்டாம் வகுப்புச் சிறுமிக்கோ நட்பு என்பது உயிர்க்கு நிகரான பருவம் அது. புதிய வகுப்பில் கடைசி வாங்கில் அமர்ந்து, யாரோடும் பேசாது, மதிய உணவைத் தனியே உண்ணும் குழந்தை, வீட்டில் “தலைவலி” என்று கூறும். மாற்றல் வேற்று மாநிலத்திற்கு ஆயின், புதிய மொழியும் புதிய எழுத்தும் சேர்ந்துகொள்கின்றன. படிப்பில் முதலிடம் பெற்றுவந்த குழந்தை, கரும்பலகையைப் படிக்க இயலாமல் விழிக்கும் நிலை எத்துணைக் கொடிது!

முதியோர் நிலை வேறு. அவர்களில் பலர் உடன் செல்ல மறுக்கின்றனர். கோயில் மணியோசையும், காலையில் வரும் பால்காரரின் குரலும், நாற்பதாண்டு பழகிய அண்டைவீட்டாரும் அவர்களுக்கு மருந்தைவிட இன்றியமையாதவை. உடன் சென்றவர்களோ, பூட்டிய கதவுக்குள் பகலெல்லாம் தனித்திருக்கின்றனர். பின் தங்கியவர்கள், “எல்லாம் நலம், கவலைப்படாதே” என்று தொலைபேசியில் கூறிவிட்டு, மாத்திரை வாங்கித்தர ஆளின்றி அமர்ந்திருக்கின்றனர்.

பணியாளரின் துயரமோ பெரும்பாலும் பேசப்படுவதில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஒற்றை அறையில் தங்கி, சனிக்கிழமை இரவு பேருந்தில் ஏறி, ஞாயிறு இரவு திரும்பும் தந்தையர் எத்தனை பேர்! பிள்ளைகள் அவரை விருந்தினர்போல் பார்க்கத் தொடங்குகின்றனர். பொருள் தேடப் பிரிவதைத் தொல்காப்பியம் அகவாழ்வின் பிரிவு வகைகளுள் ஒன்றாக வைத்து இலக்கணம் வகுத்தது. அத்தகைய பிரிவின் நோவு தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும் பழையது என்பதற்காக அது வலிக்காமல் இருப்பதில்லை.

அறிஞர் இட்ட மதிப்பெண்கள்

1967 ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர்களான தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராகே ஆகிய இருவர், வாழ்க்கை மாறுதல்கள் மனிதர்மீது ஏற்றும் பாரத்தை அளக்க 43 நிகழ்ச்சிகள் கொண்ட ஓர் அட்டவணையை வெளியிட்டனர். வாழ்க்கைத்துணையின் மரணத்திற்கு 100 என்று வைத்து, ஏனையவற்றிற்கு அதனோடு ஒப்பிட்டு மதிப்பெண் இட்டனர். அதில் வீடு மாறுதல் 20. வாழ்க்கை வசதிகளில் மாற்றம் 25. வேலை நேரம் அல்லது வேலைச் சூழலின் மாற்றம் 20. சமூகத் தொடர்புகளின் மாற்றம் 18. அன்றாடப் பழக்கங்களின் மாற்றம் 24.

இவற்றைக் கூட்டினால் 107 ஆகிறது. மாற்றல் இவையனைத்தையும் ஒரே மாதத்தில் கொண்டுவந்து இறக்குகிறது. மனைவி தொழிலை நிறுத்த நேர்ந்தால் மேலும் 26; அதனால் குடும்பத்தின் பொருள்நிலை மாறினால் மேலும் 38. ஆக 171. ஓராண்டுக்குள் மொத்தம் 150ஐத் தாண்டினால் உடல்நலம் கெடும் வாய்ப்பு மிகுதி என்பது அவ்வறிஞர்களின் கருத்து.

இக்கணக்கு அமெரிக்க மக்களிடையே கண்டது. நமக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை இது தெளிவாக்குகிறது. சிறு சிறு மாறுதல்கள் தனித்தனியே தாங்கத்தக்கவை. ஒருங்கே வந்தால் பாரமாகின்றன. நமது எடுத்துக்காட்டில் எல்லைக்கோட்டைத் தாண்டச் செய்தது மனைவியின் தறி நின்றதே என்பதையும் கவனிக்க வேண்டும்.

விதிகள் கூறுவது யாது?

மாற்றல் பணியின் ஓர் அங்கம் என்பதை நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டுள்ளன. ஒரே நாற்காலியில் நெடுங்காலம் அமர்வதால் முறைகேடுகள் வளரக்கூடும் என்பதும் உண்மையே. எனினும் 1986 ஆம் ஆண்டில், வரதராவ் எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில், முறையற்ற அடிக்கடி மாற்றல்கள் குடும்பத்தை வேரோடு பெயர்த்து, பிள்ளைகளின் கல்வியைக் குலைத்து, பணியாளரின் ஊக்கத்தைக் கெடுக்கும் என்று உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அதே 1986 இல் மத்திய அரசு, பணிபுரியும் கணவனும் மனைவியும் இயன்றவரை ஒரே ஊரில் அமர்த்தப்பட வேண்டுமென்று அறிவுறுத்தியது. 2009 இல் அதனை மேலும் வலியுறுத்தியது. மாற்றுத்திறனுடைய குழந்தையைப் பேணும் ஊழியர்க்கு வழக்கமான சுழற்சி மாற்றலிலிருந்து விலக்களிக்கலாம் என்று 2014 இல் ஆணை பிறந்தது.

இவை நற்செயல்களே. ஆயினும் “பணிபுரியும் மனைவி” என்று விதி கூறும்போது, தறியில் பணிபுரியும் மனைவி அதில் அடங்குவதில்லை. அவளுடைய உழைப்புக்கு ஊதியப் பட்டியல் இல்லை. ஆகவே விதியின் கண்ணுக்கு அவள் தென்படுவதில்லை.

பெற்றோர் அறிய வேண்டிய மற்றொன்று: 2009 ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவின்படி, பள்ளி மாறும் குழந்தைக்குத் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடுதல் ஆகாது.

ஒரு பழங் கல்வெட்டின் பாடம்

இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மந்தசோரில் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு உள்ளது. லாட நாட்டில், அதாவது இன்றைய தென் குசராத்தில், வாழ்ந்த பட்டு நெசவாளர் கூட்டத்தார் தசபுரம் என்று அழைக்கப்பட்ட அவ்வூருக்குக் குடிபெயர்ந்த செய்தியை அது கூறுகிறது. அவர்கள் பிள்ளைகளோடும் உற்றாரோடும் வந்தனர். புதிய ஊரில் சிலர் நெசவைத் தொடர்ந்தனர். சிலர் வேறு தொழில் கற்றனர். ஆயினும் கூட்டத்தைக் கைவிடவில்லை. தம் பொருளால் கதிரவனுக்கு ஒரு கோயில் எழுப்பினர். பின்னர் அது பழுதுற்றபோது, 473 ஆம் ஆண்டையொட்டி அதனைப் புதுப்பித்தனர்.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன் நெசவாளர் அறிந்திருந்த உண்மை இது: ஊர் பெயரலாம், உறவு பெயரலாகாது. அவர்கள் கூட்டமாகப் பெயர்ந்தனர். இன்று நாம் ஒவ்வொருவராகப் பெயர்கிறோம். வேறுபாடு அதுவே. தனித்துச் செல்பவர்க்குக் கூட்டத்தின் நிழலைத் தருவது கூட்டுறவாளர் கடமையன்றோ?

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, எசமானர் என்ற முறையில். நமது நிர்வாகக் குழுவினர் பணியாளரை மாற்றும்போது, பள்ளியாண்டு முடிந்தபின் மாற்றலாம். முன்கூட்டியே அறிவித்து விருப்பம் கேட்கலாம். இன்னார்க்கு நோயுற்ற பெற்றோர் உண்டா என்று வினவலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. மாற்றலைத் தண்டனையாகப் பயன்படுத்தும் பழக்கம் கூட்டுறவுக்கு ஒவ்வாதது.

இரண்டாவது, அங்கத்தினர் என்ற முறையில். வெளியூர் செல்லும் பெண் நெசவாளியின் பெயரை உடனே பட்டியலிலிருந்து அடித்துவிடாமல், அவர் செல்லும் ஊரிலுள்ள சங்கத்திற்கு அறிமுகக் கடிதம் கொடுக்கலாம். அங்கு நெசவுக்கு வழியிருப்பின் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கலாம். திரும்பி வரும் நாளில் மீண்டும் ஏற்போம் என்று உறுதி கூறலாம்.

மூன்றாவது, அண்டைவீட்டார் என்ற முறையில். நம் மாநிலத்தில் நியாயவிலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவு அமைப்புகளே நடத்துகின்றன. புதிதாய் வந்த குடும்பம் முதலில் வந்து நிற்கும் வரிசைகளில் ஒன்று அது. அங்கே ஒரு புன்னகையும், “எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள், அம்மா?” என்னும் ஒரு வினாவும், பல நாள் தனிமையைக் கரைக்கவல்லவை. ஊரில் பின்தங்கிய முதியோரை வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதும் அத்தகையதே.

நான்காவது, குடும்பத்தினர் என்ற முறையில். மாற்றல் வந்தவுடன் முடிவைக் கணவரும் மனைவியும் மட்டும் பேசி முடித்துவிடாமல், குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துப் பேச வேண்டும். அழுவோரை அழ விட வேண்டும், “இதற்குப்போய் அழலாமா?” என்று அதட்டுதல் கூடாது. பழைய நண்பருக்குக் கடிதம் எழுதவும், விடுமுறையில் பழைய ஊருக்கு வரவும் வழி செய்ய வேண்டும். உறக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுதல் நாணத்திற்குரியதன்று.

மத்திய அரசு விதிகள், ஆயிரம் கிலோமீட்டருக்குட்பட்ட மாற்றலுக்குப் பத்து நாட்களைச் சேர்காலமாக அளிக்கின்றன. பெட்டி கட்டவும், வண்டி பிடிக்கவும், வீடு பார்க்கவும் அது போதுமாயிருக்கலாம். மனம் சென்று சேரும் காலத்தை எந்த விதியும் குறிக்கவில்லை. அக்காலத்தைக் குறுக்குவது அயலாரின் அன்பு ஒன்றே.

நாற்றைப் பிடுங்கி நடுபவர் உழவர். வேரில் சிறிது மண்ணோடு எடுத்து, நீர் நின்ற வயலில் தாமதமின்றி நடுகின்றனர்; பச்சை பிடிக்கும்வரை பொறுத்திருக்கின்றனர். பயிருக்குக் காட்டும் அப்பரிவை மனிதருக்கும் காட்டுவோமாக. அடுத்த மாதம் உங்கள் தெருவிற்கு ஒரு புதிய குடும்பம் வரக்கூடும். வண்டியிலிருந்து சாமான் இறங்கும்போது, ஒரு செம்பு தண்ணீரோடு நம்மில் ஒருவர் முதலில் சென்று நிற்போமாக.