இரட்டை மிதியும் இடது காலும்

மேளம் என்றதும் நமக்குக் கைகளே நினைவுக்கு வருகின்றன. மேலைநாட்டு ட்ரம் வாத்தியத்திலோ காலுக்கும் பெரும் பங்குண்டு. தரையிலே பக்கவாட்டாகக் கிடக்கும் பேஸ் ட்ரம் என்னும் பெருமேளத்தை வாசிப்பவர் கையால் தொடுவதில்லை. காலடியிலுள்ள மிதியை அழுத்த, அதனோடு பூட்டப்பட்ட அடிகோல் முன்சென்று தோலைத் தாக்கி மீளும். மெற்றல் என வழங்கும் வன்மையான இசையிலே இவ்வேலை வலது காலோடு நின்றுவிடாது இரு கால்களுக்கும் உரியதாயிற்று. இதற்கென அமைந்த இரட்டை மிதியை எங்ஙனம் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள். நம் மாணவருள்ளும் இவ்விசையில் நாட்டமுடையார் உளர். பெற்றோருக்கோ, காலால் மிதிக்கும் ஓர் இரும்புக் கருவிக்கு இத்துணை விலையா என்னும் திகைப்பு. இருசாராருக்கும் பயன்படத்தக்க சிலவற்றைக் கூறுவாம்.

மிதியின் வரலாறு மிக நெடியதன்று. சிக்காகோ நகரத்து வில்லியம் லட்விக் விரைந்தியங்கும் மிதியொன்றை அமைத்து, 1909ஆம் ஆண்டிலே அதனைச் செய்து விற்கத் தொடங்கினார். 1930களின் இறுதியில், பள்ளி மாணவராயிருந்த லூயி பெல்சன் இரண்டு பெருமேளங்களை அருகருகே வைத்து வாசிக்கும் அமைப்பை வரைந்தார். பிற்காலத்தில் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவிலே அதனை வாசித்துப் புகழும் பெற்றார். மோட்டர்ஹெட் குழுவினர் 1979இல் வெளியிட்ட ‘ஓவர்கில்’ என்னும் பாடலில் பில் டெய்லரின் இரு கால்களும் ஓயாது முழங்கின. 1986இல் வந்த ஸ்லேயர் குழுவின் ‘றெயின் இன் பிளட்’ இசைத்தட்டில் டேவ் லொம்பார்டோ அம்முழக்கத்தை மேலும் விரைவுபடுத்தினார். அதன் பின்னர் மெற்றல் வாசிக்க விழையும் இளைஞருக்கு இரு கால் வாசிப்பு ஏறக்குறைய இன்றியமையாததாயிற்று.

ஆனால் இரண்டு பெருமேளங்களைத் தூக்கிச் செல்ல வண்டி வேண்டும். மேடையிலே இடம் வேண்டும். இரண்டையும் ஒரே ஒலிக்குக் கூட்டும் பொறுமையும் வேண்டும். ஒரு மேளத்தையே இரண்டு அடிகோல்களால் அடிக்கச் செய்யும் இரட்டை மிதி இத்தொல்லைகளைத் தீர்த்தது. 1980களிலே அமெரிக்காவின் ட்ரம் வேர்க்ஷொப் போன்ற நிறுவனங்கள் அதனைப் பரவச் செய்தன.

இனி, அக்கருவியிடம் நாம் எதிர்பார்ப்பது யாது என்பதைக் கணக்கிட்டு நோக்குவோம். நிமிடத்துக்கு 200 தட்டு என்னும் வேகத்தில், தட்டொன்றுக்கு நான்கு அடி வீதம் வாசிப்பதாகக் கொள்க. நிமிடத்துக்கு 800 அடி. ஒரு செக்கனுக்குப் பதின்மூன்றுக்கும் மேல். அடிக்கும் அடிக்கும் இடையே உள்ள காலம் ஒரு செக்கனில் ஆயிரத்தில் 75 பங்கு. ஒரு காலுக்கு இதன் இருமடங்கு, அஃதாவது 150 பங்கு காலம் கிடைக்கும். அதற்குள் கால் அழுத்தவும், அடிகோல் தோலைத் தொட்டு மீளவும், அடுத்த அடிக்கு ஆயத்தமாகவும் வேண்டும். பதினைந்து பங்கு பிந்தினாலும் இடைவெளியில் ஐந்திலொன்று பிழைத்துவிடும். குதிரை நொண்டுவது போன்ற ஓசை எழும். ஆதலால் மெற்றல் வாசிப்பவர் தேடவேண்டிய முதற்பண்பு வேகமன்று, ஒப்புமை என்பது எமது துணிபு. வேகத்தை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அது பயிற்சியால் வருவது.

அவ்வொப்புமை கெடும் இடம் பெரும்பாலும் இடப்பக்கமே. வலது மிதி மேளத்தின் விளிம்பிலே நேராகப் பூட்டப்படுகிறது. இடது மிதியோ சற்று விலகித் தனியே நிற்கிறது. அதன் அசைவை ஓர் இணைப்புத் தண்டு சுமந்து வந்து இரண்டாம் அடிகோலைத் திருப்புகிறது. தண்டின் இரு முனைகளிலும் எத்திசையும் மடங்கும் மூட்டுக்கள் உள. தண்டின் பாரத்தையும் மூட்டுக்களின் தளர்ச்சியையும் தாங்கவேண்டியது, இயல்பாகவே வலுக்குறைந்த இடது கால். அக்காலோ அதுவரை ஹை-ஹற் தாளத்தைத் திறந்து மூடிப் பழகியது மாத்திரமே! வலது மிதியை மட்டும் நாலு தரம் மிதித்துப் பார்த்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுப்பவர், கருவியின் பாதியைப் பாராமலே வாங்குகின்றார்.

ஆகவே கடையிலே முதலிற் சோதிக்கவேண்டியது அத்தண்டு. இடது மிதியை ஒருவர் அசையாது பிடித்துக்கொள்ள, இரண்டாம் அடிகோலை விரலால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று வெறுமனே ஆடுமாயின் அத்தளர்ச்சி முழுவதும் காலிலிருந்து களவு போகும் அசைவாகும். பின்னர் மிதியை விடுத்து, அடிகோலைப் பின்னிழுத்து விட்டு, அது எவ்வளவு நேரம் ஊசலாடுகிறது என்று காணுங்கள். வலப்பக்கம் நெடுநேரம் ஆடி, இடப்பக்கம் உடனே ஓய்ந்தால் உராய்வு எங்கோ மிகுதி என்பது பெறப்படும். பழைய மிதி வாங்குவோர்க்கு இவ்விரு சோதனைகளும் பெரிதும் உதவும். திருகாணிகளின் புரி தேய்ந்துள்ளதா, மேள விளிம்பைக் கவ்வும் பிடி இறுகுகின்றதா என்பனவற்றையும் உடன் பார்த்தல் நன்று.

விற்பனையாளர் முதலிற் பேசுவது சங்கிலியா, பட்டியா, நேரிணைப்பா என்பது பற்றியே. சைக்கிளிற் போலச் சங்கிலி பூட்டிய மிதியே பெருவழக்கு. உறுதியானது, திருத்த எளியது. பட்டி இலேசானது, ஓசையற்றது. நேரிணைப்பில் மிதிபலகையையும் அடிகோலின் அச்சையும் விறைப்பான ஒரு தண்டே இணைக்கிறது, தளர்ச்சிக்கு இடமில்லை. கலிபோர்னியாவின் அக்சிஸ் நிறுவனத்து நேரிணைப்பு மிதிகள் அதிவேக வாசிப்பாளர் பலரிடையே பெயர் பெற்றவை. ஆயினும் நேரிணைப்பு காலின் ஒவ்வோர் அசைவையும் அப்படியே எடுத்துரைக்கும். காலிலுள்ள குறையையும் ஒளியாது. தொடக்க மாணவன் இதற்கென இருமடங்கு விலை கொடுக்க வேண்டுவதில்லை. நன்கு செய்த சங்கிலி மிதி, தளர்ந்த நேரிணைப்பு மிதியிலும் மேலானதே.

சங்கிலி சுற்றிச் செல்லும் சில்லின் வடிவமும் கவனித்தற்குரியது. வட்டச் சில்லு ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே சீராக இழுக்கும். மையம் விலகிய சில்லு வீச்சின் கடைசியில் அடிகோலை விரைவுபடுத்தி ஓங்கி அடிக்கச் செய்யும். டாமா நிறுவனத்தின் அயன் கோப்ரா வரிசையில் இருவகையும் உண்டு. பேர்ல் நிறுவனத்தின் எலிமினேற்றர் மிதியில் சில்லை மாற்றிப் பூட்டலாம். இடைவிடாத நுண்ணடிகளுக்கு வட்டச் சில்லையே நாம் விதந்துரைப்போம். மிதிபலகை குறுகியதா நெடியதா என்பது பாதத்தின் அளவையும் பழக்கத்தையும் பொறுத்தது. கணுக்காலை இருபுறமும் திருப்பி வாசிப்போர் நெடும்பலகையை விரும்புவர். அடிகோலின் தலை மென்கம்பளியாயின் ஒலி உருண்டு வரும். பிளாஸ்ரிக் அல்லது மரமாயின் ‘டிக்’ என்னும் கூர்மை தோன்றும். மின்கிற்றார்களின் இரைச்சலைத் துளைத்துச் செல்ல அக்கூர்மை வேண்டுமாதலின் மெற்றல் வாசிப்பவர் பலர் பின்னதையே கொள்வர். இதனை எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். இதற்காக மிதியை விலக்க வேண்டா.

சுருள்வில்லைப் பற்றி ஒரு சொல். வேகமாக வாசிக்க வில்லை முறுக்கி இறுக்குவது இளைஞரிடம் காணப்படும் வழக்கம். இறுக்கம் கூடினால் அடிகோல் விரைந்து மீளும் என்பது மெய்யே; ஆனால் ஒவ்வோர் அடியிலும் கால் அவ்வில்லோடு பொருத வேண்டும். மூன்று நிமிடப் பாட்டின் இரண்டாம் நிமிடத்திலேயே முழந்தாளின் கீழ்த் தசை எரியத் தொடங்கும். அடிகோல் பாதத்தை விட்டுப் பிரியாது தொடருமளவு இறுக்கமே போதியது. இரு வில்களையும் தனித்தனி திருத்தத்தக்க மிதியையே தேடுக. தண்டின் பாரத்தை ஈடுசெய்ய இடது வில்லைச் சிறிது கூட்டிவைப்பாரும் உளர்.

வாங்கிவந்த மிதியை வைக்கும் முறையிலும் ஒரு பௌதிக நுட்பம் உண்டு. மாணவர் இதனை விரும்புவர். மடங்கிய ஒற்றை மூட்டினூடாகத் தண்டு சுழலும்போது மறுபக்கச் சுழற்சி சீராக அமையாது. ஒரு சுற்றிலேயே விரைந்தும் தாழ்ந்தும் செல்லும். இரு முனை மூட்டுக்களும் முறையாகப் பொருந்தி ஒரே கோணத்தில் மடங்கினால் ஒன்றின் பிழையை மற்றொன்று நீக்கிவிடும். ஆகையால் முதலில் ஆசனத்தில் அமர்ந்து, கால்கள் இயல்பாக விழும் இடங்களைக் குறித்துக்கொண்டு, இடது மிதியை அங்கே வைத்து, தண்டின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ இரு கோணங்களையும் சிறியனவாகவும் சமமாகவும் அமைத்தல் வேண்டும். ஆசனம் தாழ்ந்திருப்பின் தொடை உயர்ந்து இடுப்பு நோகும். தொடை முழந்தாளை நோக்கிச் சற்றே சரியும் உயரம் பலருக்கும் பொருந்தும்.

இவற்றுக்குப் பின் நிமிடத்துக்கு 80 தட்டில் தாளமானியை ஓடவிட்டு, முதல் வாரம் முழுவதும் இடது காலால் தொடங்கி வாசிக்கச் சொல்லுங்கள். மேளத்தின் உள்ளே ஒரு தலையணையை வைத்துவிட்டால் அயல்வீட்டாரும் பொறுத்துக்கொள்வர்.