‘சும்மா ஒரு விசாரணை’ என்று அழைத்தால்…

“ஸ்டேஷன்லேர்ந்து பேசுறோம். சும்மா ஒரு விசாரணை, வந்துட்டுப் போங்க.” எதற்கு என்று கேட்டால், “நேர்ல வாங்க, சொல்றோம்.” காவல் நிலையத்தோடு பலருக்கு ஏற்படும் முதல் தொடர்பு இப்படிப்பட்ட ஒரு போன் அழைப்புதான். என்ன வழக்கு என்று தெரியாது. அதில் நாம் சாட்சியா, சந்தேகத்துக்குரியவரா, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மனுவில் எதிர்த்தரப்பா என்பதும் தெரியாது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

சட்டத்தில் இந்தச் ‘சும்மா’வுக்கு இடமே இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பெயர் வாயில் நுழைய மறுப்பதால் வக்கீல்களும் போலீசாரும் பி.என்.எஸ்.எஸ். என்றே சொல்கிறார்கள். ஒருவரைக் காவல் நிலையத்துக்கு வரவழைக்க அது முக்கியமாக இரண்டு வழிகளைச் சொல்கிறது. சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் 179ஆம் பிரிவின்படி எழுத்துமூலமான உத்தரவு வேண்டும். குற்றம் செய்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்து, ஆனால் கைது தேவைப்படவில்லை என்றால் 35(3)ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இரண்டுமே தாளில் வருபவை. 35ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ‘கொடுத்தாயிற்று’ என்று சொல்ல முடியாது என உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சாட்சியாக அழைப்பதிலும் வரம்பு உண்டு. பெண்கள், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியையே காவல் நிலையத்துக்கு வரச் சொன்ன வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கண்டித்திருக்கிறார். முதல்வராக இருந்தவருக்கே அந்த நிலை என்றால், அரசமரத்தடியில் பூ விற்கும் அம்மாவை ஏட்டு கூப்பிட்டனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அழைப்பு வந்தால் என்ன செய்யலாம்? போனிலேயே சட்டப்பிரிவுகளை அடுக்கிச் சண்டை பிடிப்பதால் பயனில்லை. பேசுபவரின் பெயர், பதவி, எந்த ஸ்டேஷன், என்ன புகார் என்று நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். “கண்டிப்பா ஒத்துழைக்கிறேன் சார், ஒரு நோட்டீஸ் கொடுத்துடுங்க, வக்கீலோட வந்துடுறேன்” என்பதில் குற்றமும் இல்லை, திமிரும் இல்லை. நடைமுறையில் பலர் நோட்டீஸ் இல்லாமலேயே போகத்தான் செய்வார்கள். ஊரில் தொழில் செய்கிறவருக்கு அந்த ஸ்டேஷனைப் பகைத்துக்கொள்ள முடியாது. அப்படிப் போவதானால் தனியாகப் போகாதீர்கள். கிளம்பும் முன், ‘இத்தனை மணிக்கு இன்னார் அழைத்ததன் பேரில் இந்தக் காவல் நிலையத்துக்குப் போகிறேன்’ என்று வீட்டுக்கும் வக்கீலுக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். போலீஸ் தாள் தராவிட்டால் நீங்களாவது ஒரு தடயத்தை உண்டாக்கி வைக்கிறீர்கள். (வீடியோ காலில் சீருடையோடு தோன்றி ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுபவன் மோசடிக்காரன். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு 1930க்கு அழையுங்கள்.)

தாள் தாள் என்று இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞரை, ஒரு பக்தரின் நகை காணாமல்போன புகாருக்காகத் தனிப்படைக் காவலர்கள் அழைத்துப்போனார்கள். முறையான கைது என்று எதுவும் நடக்கவில்லை. விசாரணை நடந்ததும் ஸ்டேஷனுக்கு வெளியே. மறுநாள் அவர் இறந்துபோனார். உடலில் 44 காயங்கள் இருந்தது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் விவாதமானது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கைதுக் குறிப்பு இல்லாதவருக்குக் கைதானவருக்குரிய பாதுகாப்புகள் எதுவும் தொடங்குவதே இல்லை. வீட்டுக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) முன் நிறுத்த வேண்டும் என்ற கெடு எல்லாமே அந்தத் தாளிலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் என் பார்வையில், கைதைவிட ஆபத்தானது கைதாகாமலேயே பிடித்து வைக்கப்பட்டிருக்கும் நேரம்தான்.

கைது என்றால்

1986 ஆகஸ்டில் மேற்கு வங்கத்திலிருந்து ஒரு கடிதம் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குப் போனது. அனுப்பியவர் டி.கே. பாசு, அம்மாநிலச் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவர். லாக்-அப் மரணங்கள் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளைக் காட்டி, இதற்கு ஒரு வழி வேண்டும் என்று கேட்டிருந்தார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. கைதின்போது பின்பற்ற வேண்டிய 11 கட்டளைகளை அது விதித்தது. அவற்றில் முக்கியமானவை இப்போது சட்டப் பிரிவுகளாகவே ஆகிவிட்டன.

கைது செய்பவரின் பெயர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். அந்த இடத்திலேயே கைதுக் குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். எங்கே கொண்டுபோகிறோம் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ உடனே சொல்ல வேண்டும். கையெழுத்திடும்போது குறிப்பில் இருக்கும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். காலையில் பிடித்த ஆளை இரவில் பிடித்ததாக எழுதினால் 24 மணி நேரக் கணக்கு அங்கேயே நழுவிவிடும். சுதந்திரமாக நடமாட முடியாமல் ஒருவரைத் தடுத்த கணமே கைது தொடங்கிவிடுகிறது, போலீஸ் எழுதிவைக்கும் நேரம் அதை மாற்றாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1990லேயே சொல்லியிருக்கிறது.

எதற்காகக் கைது என்பதை வாயால் சொன்னால் மட்டும் இப்போது போதாது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் குற்றங்களுக்கும் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றது. அந்த இடத்தில் எழுதித்தர வழியில்லாத சூழலில் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்காக நடுவர் முன்பு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்துவிட வேண்டும். திருப்பூரில் பிடிபடும் பிகார் தொழிலாளிக்குத் தமிழில் நீட்டப்படும் தாள் இனி செல்லாது.

ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பது தானாக நடப்பதல்ல. ஏன் கைது செய்தே ஆக வேண்டும் என்பதை அதிகாரி எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோட்டீஸோடு விட வேண்டும். 2014இல் உச்ச நீதிமன்றம் தந்த அர்னேஷ் குமார் தீர்ப்பு இதைக் கறாராக்கியது. மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றத்தில் 60 வயதைக் கடந்தவரையோ உடல்நலிந்தவரையோ பிடிக்க டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும் என்பது புதிய சட்டம் சேர்த்த நல்ல விஷயம். கைவிலங்குக்குப் புதிதாக வழி திறந்துவிட்டது அவ்வளவு நல்லதல்ல. என்றாலும் அதுவும் தொடர் குற்றவாளி, காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்கொடுமை, போதைப்பொருள் போன்ற பட்டியலுக்குள் அடங்கியதுதான். அடிதடி வழக்கில் சிக்கிய கல்லூரி மாணவனுக்கு அது பொருந்தாது. பெண்களைச் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை தந்து நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும்.

விசாரணையில் கேட்கும் கேள்விகளில் நம்மையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். அரசமைப்பின் 20(3) தரும் உரிமை அது. பெயரையும் முகவரியையும் மட்டும் மறைக்காதீர்கள். சிறு குற்றத்தில்கூட அதைச் சொல்ல மறுத்தால் அதற்காகவே கைது செய்யச் சட்டம் இடம் தருகிறது. விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கலாம், ஆனால் முழு நேரமும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள முடியாது. போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையே இல்லை என்கிறது 181ஆம் பிரிவு. ஸ்டேஷன் ரைட்டர் நீட்டும் வெள்ளைத் தாளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கைதுக் குறிப்பும் பறிமுதல் மகஜரும் வேறு வகை. அவற்றைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு நகலைக் கேட்டு வாங்க வேண்டும். செல்போனைப் பறித்தால் அதுவும் மகஜரில் ஏற வேண்டும். சோதனையும் பறிமுதலும் இப்போது வீடியோவில் பதிவாக வேண்டும் என்பது கட்டாயம்.

வண்டியில் போகும்போது போலீஸ் சாலையில் நிறுத்தினால் நில்லுங்கள். ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்.சி.யையும் டிஜிலாக்கரில் காட்டினால் போதும். சில காரணங்களுக்காக வண்டியைப் பிடித்துவைக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் வழி உண்டு. ஓடும் வண்டியின் சாவியை எட்டிப் பிடுங்குவது அதில் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் கையைத் தட்டிவிடுவதோ பிடித்துத் தள்ளுவதோ உங்களைத்தான் வழக்கில் மாட்டிவிடும். தவறு அவர் பக்கம் என்றாலும் அதை நிரூபிக்கும் இடம் சாலை அல்ல.

தாள் இருந்தும் போதாதபோது

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் இறந்த கதை வேறு விதமானது. ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாக அவர்கள்மீது வழக்கு. அங்கே தாளுக்குக் குறையே இல்லை. எஃப்.ஐ.ஆர். இருந்தது. அரசு மருத்துவமனையின் சான்று இருந்தது. நடுவரின் ரிமாண்ட் உத்தரவும் இருந்தது. கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட சில நாள்களில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை, கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

அதனால் 24 மணி நேரத்துக்குள் வரும் இரண்டு சந்திப்புகளை வீட்டாரும் கைதானவரும் மனதில் வைக்க வேண்டும். முதலாவது டாக்டர். 53ஆம் பிரிவின்படி கைதானவரை மருத்துவர் பரிசோதித்து, காயம் எங்கே, எப்போது ஏற்பட்டிருக்கலாம் என்பதை எழுதி நகலைத் தர வேண்டும். காவல் நிலையப் பாத்ரூமில் ‘வழுக்கி விழுந்து’ மாவுக்கட்டோடு வருபவர்களின் படங்களைப் பார்த்துச் சிரித்துப் பழகிய நாடு இது. கை உடைந்தது எப்படி என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியது கைதானவர். பக்கத்தில் நிற்கும் காவலர் அல்ல.

இரண்டாவது நடுவர். “போலீஸ் அடிச்சாங்களா?” என்ற கேள்விக்கு வாசலிலேயே பதிலைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவது பழைய பழக்கம். வாய் திறக்காமல் தலையாட்டினால் பிறகு எழும்பும் எந்தப் புகாருக்கும் ‘அன்றே ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்வி முன்னால் நிற்கும். அந்த நேரத்தில் வக்கீல் இல்லையென்றால் இலவச வக்கீல் தர வேண்டியது அரசின் கடமை. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. இந்தப் பாதுகாப்புகளில் பல ஓட்டையாகும் இடம் ஒன்று உண்டு. 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் உள்ளே போனால் 24 மணி நேரக் கெடு இல்லை, ஓராண்டு வரை வைக்கலாம். அங்கே முக்கியமாக எஞ்சியிருப்பது காரணங்களின் நகலும், அதை எதிர்த்து மனுக் கொடுக்கும் உரிமையும், உயர் நீதிமன்றமும்தான்.

ஆளையே காணோம், ஸ்டேஷனில் கேட்டால் ‘இங்க வரல’ என்கிறார்கள் என்றால்? மாவட்டக் காவல் தலைமையகத்தில் கைதானவர்களின் பட்டியல் வைக்க வேண்டும் என்கிறது 37ஆம் பிரிவு. அங்கே எழுத்தில் கேளுங்கள். எஸ்.பி.க்குத் தந்தியடித்த காலம் போய்விட்டது, மின்னஞ்சல் போதும். அதன் பிறகு ஆட்கொணர்வு மனு. ‘ஜெய்பீம்’ படம் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அந்தப் படத்துக்கு அடிப்படையாக, கம்மாபுரம் ஸ்டேஷனில் 1993இல் நடந்தது வெளிவந்ததும், ‘தப்பியோடிவிட்டார்’ என்ற போலீஸின் கதை உடைந்ததும் அப்படியொரு மனுவில்தான்.

காவல் நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவையும் அதே வேகத்தில் கேட்க வேண்டும். எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவு 18 மாதங்கள் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. சாத்தான்குளம் ஸ்டேஷன் கேமராவோ அன்றன்றைய பதிவு தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று அங்கே போய்ப் பார்த்த நீதித்துறை நடுவர் அறிக்கை தந்தார். எனவே சம்பவம் நடந்த நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு, ‘இந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்’ என்று எஸ்.பி.க்கும் நடுவருக்கும் அந்த வாரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் போனால் போதும். கேமரா அவ்வளவு காலம் காத்திருக்கும் என்று நம்ப முடியாது.