பழைய அரட்டை நெறிமுறையும் தமிழ் எழுத்தும்

பின்லாந்தில் 1988இல் உருவான ஐ.ஆர்.சி., இணைய அரட்டைக்கான நெறிமுறையாகும். அரட்டை கைப்பேசிச் செயலிகளுக்கு இடம்பெயர்ந்த பின்னரும் அது வழக்கொழியவில்லை. விக்கிமீடியா அதனை அறிவிப்புப் பலகையாக மாற்றிக்கொண்டது. 2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அதில் தனி அலைவரிசை அமைந்தது. திருவண்ணாமலை ரமணாசிரமம் பற்றி ஒருவர் ஒரு சொல்லைத் திருத்தினாலும், தலைப்பும் திருத்தச் சுருக்கமும் அடங்கிய ஒரு வரிச் செய்தி உடன் வெளியாகும். அங்கு எவரும் பேச இயலாது, படிக்கலாம். படிப்போருள் பலர் மனிதரல்லர், விஷமத் திருத்தங்களைக் கண்காணிக்கும் தானியங்கிகள். மீண்டும் மீண்டும் வினவாமல் திறந்த இணைப்பில் காத்திருந்தாலே போதும் என்பது அவற்றுக்கு வாய்ப்பு.

ஆயின், 1993இன் வரையறைப்படி ஒரு செய்தி 512 பைட்டைத் தாண்டலாகாது. ‘ரமணாசிரமம்’ என்னும் சொல்லில் எழுத்து ஏழு, யுனிகோடு குறியீடு பத்து. யூடிஎஃப்-8 முறையில் 30 பைட்டு. உரோமன் எழுத்தில் அதற்கு 12 பைட்டே வேண்டும். எனவே நீண்ட தமிழ்ச் சுருக்கம் விரைவில் வெட்டுப்படும். குறியீட்டின் இடையே வெட்டுப்பட்டால் சிதைந்த குறி தோன்றிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். உயிர்க்குறி மட்டும் உதிர்ந்தாலோ பிழை புலப்படாது: ‘நீக்கு’ என்னும் ஏவல் ‘நீக்க’ என்னும் எச்சமாகிவிடும், கணினிக்கு இரண்டும் செம்மையான எழுத்துகளே.

கண்காணிப்புக்கு இவ்வலைவரிசை போதுமானது. திருத்தச் சுருக்கங்களை மொழித்தரவாகத் திரட்டுவோர் அவற்றைப் பக்க வரலாற்றிலிருந்தே எடுத்தல் வேண்டும்.