பச்சை விளக்கு சொல்லாத கணக்கு
மென்பொருள் பட்டறை – 17

2019 டிசம்பர் 20. புளோரிடாவின் கேப் கனாவரலிலிருந்து போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலம் ஆளில்லாமல் கிளம்பியது. சுமந்து சென்ற அட்லஸ் 5 ராக்கெட்டில் குறையில்லை. ஆனால், கலத்தின் கடிகாரம் 11 மணி நேரம் பிசகியிருந்தது. அதனால் உரிய நேரத்தில் எஞ்சினை இயக்காமல் எரிபொருளை வீணடித்த கலம், விண்வெளி நிலையத்தை எட்டாமலேயே இரண்டு நாளில் நியூ மெக்சிகோவில் தரையிறங்கியது.

சோதிக்காமலா அனுப்பினார்கள்? சோதித்தார்கள், துண்டு துண்டாக. ராக்கெட்டிலிருந்து கலம் பிரியும்வரை ஒரு சோதனை. அதற்கு அடுத்த கட்டத்துக்கு வேறொரு சோதனை. முழுப் பயணத்தையும் ஒரே மூச்சில் ஓட்டிப் பார்க்க 25 மணி நேரத்துக்கு மேல் ஆகும். துண்டுகள் எல்லாம் தேறின. ஓட்டிப் பார்க்காத இடத்தில்தான் பிழை இருந்தது.

இதே ஆபத்து அன்றாட மென்பொருளிலும் உண்டு. நிரலாளர் புதிய வரிகளைச் சேர்த்ததும் ஜென்கின்ஸ் போன்ற கருவி தானாகவே பில்டைத் தொடங்கி, சோதனைகளை ஓட்டும். தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. ஓடியவை தேறின என்பதற்கு மேல் பச்சைக்குப் பொருளில்லை. எழுதிய பாடங்களில் மட்டும் பாஸானவனுக்கு முழுத் தேர்ச்சி போட்டுவிடக்கூடிய விளக்கு அது.

சோதனைகள் சத்தமில்லாமல் நழுவப் பல வழிகள் உண்டு. ஜாவாவில் மேவன் என்ற பில்ட் கருவி, கோப்பின் பெயரைப் பார்த்துத்தான் சோதனைகளைத் தேடும். பெயரில் ‘டெஸ்ட்’ உரிய இடத்தில் இல்லாவிட்டால், உள்ளே எவ்வளவு நல்ல சோதனை இருந்தாலும் ஓடாது, எச்சரிக்கையும் வராது. அவசரத்துக்கு யாரோ போட்ட ‘ஸ்கிப்டெஸ்ட்ஸ்’ கட்டளை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். லினக்ஸில் சோதனையின் வெளியீட்டை ‘டீ’ கட்டளை வழியாக லாக் கோப்புக்கு அனுப்பினால், பைப்பின் கடைசிக் கட்டளை வென்றதா என்று மட்டுமே ஷெல் பார்க்கும். சோதனை தோற்றும் லாக் எழுதப்பட்டுவிட்டால் பச்சைதான். பாஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ போட்டால் அந்த ஓட்டை அடைபடும்.

பைதானின் பைடெஸ்ட் கொஞ்சம் உஷார். ஒரு சோதனைகூடக் கிடைக்காவிட்டால் பிழைக்குறியீடு 5 உடன் நின்றுவிடும். ஆனால் பாதி காணாமல் போனால் அதற்கும் தெரியாது.

எனவே எண்ணிக்கையையும் காவலுக்கு வையுங்கள். நேற்று 1,800 சோதனைகள் ஓடி, இன்று காரணமில்லாமல் 1,300தான் ஓடின என்றால், அத்தனையும் தேறியிருந்தாலும் பில்ட் சிவப்பாக வேண்டும். தவிர்க்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். புதிய தொகுதியைச் சேர்க்கும்போது, தோற்றே தீரும் சோதனை ஒன்றை வேண்டுமென்றே உள்ளே வையுங்கள். சிவப்பு எரியவில்லையா? அந்தத் தொகுதியை உங்கள் பில்ட் தொடவே இல்லை.

‘முழுதும் ஓட நேரமாகும்’ என்ற புலம்பல் நியாயமானதுதான். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் குழுவினர் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சோதனை நிரல், மூல நிரலைப்போல் சுமார் 590 மடங்கு. அதனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சில நிமிடங்களில் முடியும் சிறு தொகுப்பை ஓட்டுகிறார்கள். வெளியீட்டுக்கு முன் முழுத் தொகுப்பையும் ஓட்டிவிடுகிறார்கள். சிறு தொகுப்பு நிரலாளரின் வேகத்துக்கு. பயனரின் கைக்குப் போகும் பில்டுக்கு முழுத் தொகுப்பைத் தவிர வேறு சான்று கிடையாது.

ஒருநாள் தேறி, மறுநாள் காரணமே இல்லாமல் தோற்கும் சோதனைகளை என்ன செய்வது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)