தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர்!
சோமனூருக்கு நகராட்சி அந்தஸ்து கிடைத்தது. நகர வாழ்வு கிடைத்ததா?

"தடக்... தடக்...!"

கோவை - ஈரோடு ரயில் பாதையில், சோமனூர் நிலையத்தில் இறங்கி ஊருக்குள் நடந்தால் காதில் விழும் சத்தம் இதுதான். வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவருக்கு இரவில் தூக்கம் வராது. ஊர்க்காரருக்கோ, சத்தம் நின்றால்தான் தூக்கம் போய்விடும். தறி நின்றால் கூலி நின்றது என்று பொருள் அல்லவா?

ஒரு காலத்தில் இது பருத்தி விளைந்த பூமி. கிணற்றில் நீர் இறங்க இறங்க, விவசாயிகள் தோட்டத்திலேயே தறிக்கூடம் போட்டார்கள். ஏர் பிடித்த கை நாடா பிடித்தது. இன்று கோவை, திருப்பூர் மாவட்டங்களில் லட்சக்கணக்கான விசைத்தறிகள் இருக்கின்றன. காடா துணி வியாபாரத்தில் "சோமனூர் ரகம்" என்று தனிப் பெயரே உண்டு.

நகராட்சி ஆனது

சோமனூர், கருமத்தம்பட்டி பேரூராட்சியில் அடங்கியிருந்த ஊர். கருமத்தம்பட்டி வழியாகத் தேசிய நெடுஞ்சாலை போகிறது. சோமனூரில் ரயில் நிற்கிறது. இரண்டு ஊர்களும் வளர்ந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன.

2021-ஆம் ஆண்டு கருமத்தம்பட்டி நகராட்சியாக உயர்த்தப்பட்டது. கோவை மாவட்டத்தில் மதுக்கரை, காரமடை, கூடலூர் ஆகிய ஊர்களுக்கும் அதே ஆண்டில் அந்தஸ்து கிடைத்தது. 2022 பிப்ரவரியில் நகராட்சித் தேர்தலும் நடந்தது.

பெயர்ப் பலகை மாறிவிட்டது. ஊர் மாறியதா?

மறக்க முடியாத நாள்

2017 செப்டம்பர் 7-ந் தேதியை இந்த ஊர் மறக்காது. அன்று சோமனூர் பஸ் நிலையத்தில் பயணிகள் காத்திருந்தார்கள். திடீரென்று மேற்கூரை இடிந்து விழுந்தது. 5 பேர் மாண்டார்கள். பலர் காயம் அடைந்தார்கள்.

பஸ்சுக்கு நின்றவர்கள் செய்த குற்றம் என்ன? ஊர் வளர்ந்த வேகத்துக்குப் பொதுக் கட்டடங்களைப் பார்க்கவும் பழுது நீக்கவும் ஆள் வேண்டும், பணம் வேண்டும். அதைச் செய்யத்தானே நகராட்சி!

கூலியும் வரியும்

பணம் எங்கிருந்து வரும்? வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் ஊராரிடம் இருந்துதான் வரவேண்டும். 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்ந்தது. ஆனால் வரி கட்டுகிறவர் கையில் காசு இருக்க வேண்டுமே!

இங்குள்ள தறிக்காரர்களில் பெரும்பாலோர் சொந்தமாக நூல் வாங்கி நெய்கிறவர்கள் அல்ல. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடையும் கொடுப்பார். இவர்கள் துணியாக நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார்கள். நூல் விலை ஏறினாலும், துணி தேங்கினாலும் அடி விழுவது கூலியில்தான்.

2021 நவம்பரில் நடந்த பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு என்று முடிவானது. பேசிய கூலி கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஊரே ஓய்ந்து கிடந்தது! தறி நின்றால் டீக்கடையில் கூட்டம் குறையும். மளிகைக் கடையில் கடன் ஏறும்.

2023-ஆம் ஆண்டு விசைத்தறிகளுக்கான இலவச மின்சாரம், இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டில் இருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது. அது ஓர் ஆறுதல். ஆனால் மின்சாரச் சலுகை, கூலிக்கு ஈடு ஆகாது.

பக்கத்து ஊர் பாடம்

நகராட்சி ஆனபின் ஓர் ஊர் எப்படி வளரும்? பாடம் பக்கத்திலேயே இருக்கிறது.

திருப்பூர் 1947-இல் நகராட்சி ஆனது. 2008-இல் மாநகராட்சி ஆனது. பனியன் உலகெங்கும் போயிற்று. பணம் வந்தது. கூடவே சாயக் கழிவும் வந்தது. நொய்யல் ஆறு கெட்டது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்து தவித்தார்கள்.

தொழிலை முதலில் வளர்ப்போம், சாக்கடையைப் பிறகு பார்ப்போம் என்றால் முடிவு இதுதான். அதே நொய்யல் சோமனூர் பக்கமாகத்தான் திருப்பூருக்குப் போகிறது.

சோமனூருக்கு இன்னும் காலம் இருக்கிறது. திட்டமிட்ட தெரு, ஒழுங்கான சாக்கடை, தவறாத குடிநீர், உறுதியான பஸ் நிலையம் ஆகியவை வேண்டும். இவற்றுக்கு வரி வேண்டும். வரிக்குக் கூலி வேண்டும். கூலிக்குத் தறி ஓட வேண்டும்.

ஊர் வாழ்வது தறியால். தறி வாழ்வது நியாயமான கூலியால். இதை மறந்துவிட்டால், நகராட்சி என்பது வெறும் பலகைதான்!