இறாலின் உடலில் கன உலோகம்: வணிகர்கள் அறிய வேண்டியவை

மளிகைக் கடைகளில் கருவாடு, காய்ந்த இறால், சென்னாக்கூனி விற்பது நமக்குப் புதிதல்ல. சரக்கு வந்தால் நிறம் பார்க்கிறோம், மணம் பார்க்கிறோம், மண் கலந்திருக்கிறதா என்று கையில் தேய்த்துப் பார்க்கிறோம். ஆனால் கண்ணுக்கும் மூக்குக்கும் சிக்காத ஒரு குறை இறாலில் இருக்கக்கூடும். அதுதான் கன உலோகம். ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை.

இறாலுக்கு ஏன் அதிகம்?

நம் கடலோரத்தில் பிடிபடும் இறால் வகைகளில் பல, கடலில் பிறந்து, குஞ்சாக இருக்கும்போது கழிமுகங்களுக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புபவை. ஊரின் சாக்கடையும் ஆலைக் கழிவும் வந்து சேரும் இடமும் அதே கழிமுகம்தான். சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் இதற்குக் கண்கூடான எடுத்துக்காட்டு. அனல் மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் சேர்ந்து அங்குள்ள சேற்றை மாசுபடுத்தியிருக்கின்றன. உலோகம் தண்ணீரில் அதிக நேரம் மிதப்பதில்லை. சேற்றில் படிந்துவிடும். இறாலோ சேற்றில் புதைந்து கிடந்து, சேற்றில் உள்ளதையே மேய்ந்து வளரும் உயிர்.

உடலுக்குள் நடப்பது என்ன?

உலோகம் முதலில் தொடுவது செவுளை. மூச்சு விடுவதற்கு மட்டுமல்லாமல், உடலின் உப்பு அளவைச் சீராக வைப்பதற்கும் செவுளே கருவி. மழைக்காலத்தில் கழிமுகத்தின் உப்புத்தன்மை திடீரெனக் குறையும்போது, செவுள் வேலை செய்தால்தான் இறால் பிழைக்கும். காட்மியமும் ஈயமும் செவுளின் மெல்லிய திசுவைச் சிதைத்து, உப்பைக் கடத்தும் நொதிகளை முடக்குகின்றன. உப்பு குறைந்த நீரில் காட்மியத்தின் நச்சு இன்னும் கடுமையாகிறது. ஆக, இறாலுக்கு இரட்டை அடி.

தாமிரத்தின் கதை வேறு. நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இறாலின் இரத்தத்தில் தாமிரம் செய்கிறது. அதனால்தான் பிராணவாயு சேர்ந்த இறால் இரத்தம் நீல நிறம் கொள்கிறது. தேவையான அளவில் தாமிரம் அதற்கு உயிர். அளவு மீறினால் அதே தாமிரம் நஞ்சு.

உள்ளே நுழைந்த உலோகத்தில் பெரும்பங்கு சென்று சேருவது தலைப் பகுதியில் உள்ள செரிமானச் சுரப்பியில். நமக்குக் கல்லீரலும் கணையமும் தனித்தனியே செய்யும் வேலைகளை இந்த ஒரே சுரப்பி செய்கிறது. உலோகத்தைப் பிடித்துக் கட்டிவைக்க இங்கே ஒரு தனிப் புரதம் உற்பத்தியாகும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்து இந்தத் தற்காப்பிலேயே செலவாகிவிடுவதால் இறால் பெருக்காமல் நின்றுவிடுகிறது. கிலோவுக்கு எத்தனை எண்ணிக்கை என்று பார்த்து விலை பேசும் தொழிலில் இது நேரடி நட்டம்.

இறால் வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட வேண்டும். இதை நடத்தும் சுரப்புகளையும் உலோகம் குழப்புகிறது. ஓடு கழற்றியவுடன் உடல் மென்மையாக இருப்பதால் அந்தச் சமயத்தில் உலோகம் இன்னும் எளிதாக உள்ளே புகுகிறது. வளர்ந்த இறாலைவிடக் குஞ்சுகளே முதலில் மடிகின்றன. மாசுபட்ட கழிமுகத்தில் பாடு குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தலையும் சதையும்

காட்மியம் பெரும்பாலும் தலைப் பகுதியில் தங்குகிறது, சதையில் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் இறால் போன்றவற்றின் சதைக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதைக் கணக்கிடும்போது தலைப் பகுதியைச் சேர்ப்பதில்லை. நாமோ சென்னாக்கூனியைத் தலையோடு முழுசாகவே விற்கிறோம், வாங்குவோரும் முழுசாகவே உண்கிறார்கள். பாதரசம் வேறு மாதிரி. அதன் மெதில் வடிவம் சதைப் புரதத்திலேயே ஒட்டிக்கொள்ளும். எனவே தலையை நீக்கினால் பாதரசம் போய்விடாது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த இதே பாதரசம் மீன், சிப்பி வழியாக மக்களைத் தாக்கியது. அந்நோய் 1956இல் வெளிச்சத்துக்கு வந்தது.

உலர்த்துவதால் உலோகம் ஆவியாகாது. சுமார் நான்கு கிலோ பச்சை இறால் காய்ந்தால் ஒரு கிலோ ஆகும். தண்ணீர்தான் போகிறது. நான்கு கிலோவில் இருந்த உலோகம் அந்த ஒரு கிலோவில் அப்படியே நிற்கும். கழுவினாலும் வேகவைத்தாலும் உலோகம் அழியாது. காய்ந்த இறாலை ஒருவர் சிறிதளவே உண்கிறார் என்பது உண்மைதான். ஆனாலும் மாசுபட்ட இடத்துச் சரக்கு வீடு தேடி அடிக்கடி போவது நல்லதல்ல.

இன்னொன்று. இறால் தலை கறுத்திருந்தால் உலோகம் என்று எண்ண வேண்டாம். செத்த பிறகு நொதிகளால் வரும் கறுப்பு அது, பதம் கெடுவதன் அடையாளம். உலோகத்துக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆய்வகம் ஒன்றே அதைக் காட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

எல்லா இறாலும் நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. எந்தத் தண்ணீரில் பிடித்தது என்பதே கேள்வி. கொள்முதல் செய்யும்போது எந்தக் கரையில் பிடித்தது, எங்கே உலர்த்தியது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரின் சரக்கு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மூட்டைக்கு மூட்டை இடம் மாறினால் கலக்காமல் தனித்தனியே வையுங்கள். மொத்த வியாபாரிகள் ஆண்டுக்கு ஓரிரு முறையாவது மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பலர் சேர்ந்து அனுப்பினால் செலவு பங்காகும்.

பில் இல்லாமல் சரக்கு எடுக்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் 2006இன் 27ஆம் பிரிவின்படி, யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத உணவுப் பொருளை விற்பவரே அதற்குப் பொறுப்பு. பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கி விற்றாலும் அப்படியே. நாளை மாதிரி எடுத்து அதில் குறை கண்டால், பிடித்தவரும் உலர்த்தியவரும் தூரத்தில் இருப்பார்கள், கடையில் இருப்பவர் நாம்.

கழிமுகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மீனவர்களின் கோரிக்கை மட்டுமல்ல. அங்கே இறால் கெட்டால் அவர்கள் வலை காலியாகும், நம் கல்லாவும் காலியாகும். அந்தக் கோரிக்கையில் வணிகர் குரலும் சேர வேண்டும்.